900-ஐத் தாண்ட முடியவில்லை. கைவேகம் போதாதா?

மூன்றாம்ஆடு | கோண்டாவில் | செவ்வாய், இரவு 10:42

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன், ஊர் கட்டிப் படை சேர்த்துச் சண்டை போடுகிற கணினி விளையாட்டு. ஒருவருக்கு ஒருவர், ராங்க்ட், பெரும்பாலும் அரேபியா வரைபடம். இதுவரை 140 ஆட்டம். ரேட்டிங் 1000-இல் தொடங்கி நேரே 780 வரை வழுக்கி விழுந்தேன். பிறகு தவழ்ந்து ஏறி 870. மூன்று மாதமாக 860-க்கும் 900-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறேன். ஒருநாள் 898 வந்தது, அன்றிரவு நித்திரையே இல்லை. அடுத்த நாள் தொடர்ந்து நான்கு தோல்வி.

வைப்பர், ஹெரா என்ற தொழில்முறை ஆட்டக்காரர் இரண்டு பேரின் ஆட்டத்தையும் தினமும் பார்க்கிறேன். திரை எங்கே பாய்கிறது என்றே எனக்குப் பிடிபடுவதில்லை. நான் ஒரு வீடு கட்டச் சொல்வதற்குள் அவர்கள் ஊரையே கட்டி முடித்துவிடுகிறார்கள். அதனால் என் குறை கைவேகம்தான் என்று முடிவெடுத்து, சேர்த்து வைத்த காசில் போன மாதம் ஒரு நல்ல மௌஸ் வாங்கினேன். கிளிக் பழக்கும் தளம் ஒன்றில் தினமும் அரை மணித்தியாலம் பழகுகிறேன். ரேட்டிங் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அம்மா மட்டும் "எலி பிடிச்சு முடிஞ்சுதோ" என்று கேட்கிறா.

கையை எப்படி வேகமாக்குவது? கீபோர்டையும் மாற்ற வேண்டுமா?

---

கொக்குவில்குதிரை | செவ்வாய், இரவு 10:58

மௌசுக்கு எவ்வளவு போனது என்று கேட்க மாட்டேன். எனக்கு நெஞ்சு வலிக்கும்.

தம்பி, கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் ரிப்ளேயை இங்கே போடும். வென்றது வேண்டாம்.

---

ஒடியல்கூழ் | செவ்வாய், இரவு 11:20

குதிரை, பொடியன் கேட்டதற்குப் பதிலைச் சொல்லும். வேகம் முக்கியம்தான். நான் ஸ்டார்கிராஃப்ட் ஆள். அங்கே கொரியக்காரர் நிமிடத்துக்கு 300-க்கு மேல் செயல் செய்வார்கள். யாரும் வேடிக்கைக்காகச் செய்வதில்லை.

2004, 2005 அளவில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நெற் கபேயில் நாங்கள் எட்டுப் பேர் ஜெனரல்ஸ் என்ற போர் விளையாட்டு விளையாடுவோம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு. அங்கே எல்லோரையும் அடித்தவன் கீபோர்ட்டைப் பார்க்காமல் அடிக்கிற ஒருவன். டைப்பிங் வகுப்புக்குப் போனவன், அவ்வளவுதான் வித்தியாசம். 2006 ஆகஸ்டில் யுத்தத்தில் ஏ9 பாதை பூட்டினார்கள், அதோடு கபேயும் போனது, அவனும் போய்விட்டான். எங்கே இருக்கிறானோ.

---

மூன்றாம்ஆடு | புதன், காலை 6:15

ரிப்ளே இணைத்திருக்கிறேன். பிராங்க்ஸ் நாகரிகம் எடுத்தேன், எதிரி பிரிட்டன்ஸ். 24-ஆம் நிமிடத்தில் கைவிட்டேன். சண்டையில் கை ஓடவில்லை, பார்த்தால் தெரியும்.

---

கொத்துமாஸ்டர் | புதன், பிற்பகல் 2:05

நான் 1100-தான், பெரிய ஆள் இல்லை. ஆனால் வேகத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். இரண்டு வருடம் மாமாவின் கடையில் கொத்துரொட்டிக் கல்லில் நின்றவன்.

ரோட்டில் போகிறவனுக்குக் கேட்கிற அந்த டக்கடக் சத்தம் இருக்கிறதே, அதில் பாதி விளம்பரம். வெறுங்கல்லில் தட்டினாலும் அதே சத்தம்தான் வரும். மாமா ஒருநாளும் "மெதுவா கொத்துறாய்" என்று என்னை ஏசியதில்லை. ஏசியதெல்லாம் "கல்லு சும்மா காயுது" என்றுதான். ஒருவனுக்கு வெங்காயம் வதங்கும்போதே அடுத்தவனுக்கு முட்டை உடைபட்டிருக்க வேண்டும். ரொட்டி முடியப் போகிறது என்று கண்டால் முடிவதற்கு முதலே உள்ளே குரல் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு கூப்பிட்டால் பத்து நிமிடம் கல் சும்மா கிடக்கும், சனம் எழும்பிப் பக்கத்துக் கடைக்குப் போகும்.

ரொட்டி என்கிற இடத்தில் வீடு என்று போட்டுப் பாருங்கோ.

---

கொக்குவில்குதிரை | புதன், இரவு 9:31

ரிப்ளே பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன், இரண்டாம் தரம் தேத்தண்ணியோடு. தம்பி கோபிக்கக் கூடாது, கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கைவேகம். ரிப்ளேயை அலசுகிற கருவியில் போட்டால் வீணான கிளிக்கைக் கழித்து, பயனுள்ள செயல் நிமிடத்துக்கு எத்தனை என்று காட்டும். உமக்கு 41. எதிரிக்கு 27. திரும்ப வாசியும். உம்மை அடித்தவன் உம்மைவிட மெதுவானவன்.

4:10. உணவுக்காகப் பன்றியை இழுக்கப் போன ஆளைப் பன்றி கொன்றுவிட்டது. சரி, எல்லோருக்கும் நடப்பது. ஆனால் அந்த ஆள் செத்த பிறகு நீர் 15 வினாடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர். செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

4:35. மக்கள்தொகை 15-ஐத் தொடுகிற நேரம், மூன்றாவது வீடு இல்லை, வீடில்லாமல் புது ஆள் பிறக்காது. உமக்கு ஓர் ஆள் குறைவு என்பதால் 5-ஆம் நிமிடம் அளவில் முட்டியது. பிறகு 38 வினாடி, ஆட்களைப் பிறப்பிக்கிற டவுன் சென்டர் பூட்டு. வீடு கட்டவே 25 வினாடி போகும், அதுவரை ஒன்றும் செய்ய ஏலாது.

11:34. ஃபியூடல் என்கிற இரண்டாம் யுகத்துக்கு வந்து சேர்ந்தீர்.

14:40. ஐந்து ஸ்கௌட் குதிரைகளோடு எதிரியின் மரவெட்டிகளிடம் போனீர். சண்டை அழகு, ஓர் ஆளைக் கொன்றீர், பாராட்டு. அந்தச் சண்டையை 70 வினாடி விடாமல் பார்த்தீர். அந்த 70 வினாடியும் டவுன் சென்டர் சும்மா நின்றது, குதிரைப் பட்டி சும்மா நின்றது, கிடங்கில் 600 மரம் சும்மா கிடந்தது. ஆட்டு இறைச்சி முடிந்து நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 600 மரத்துக்குப் பத்து வயல் போட்டிருக்கலாம்.

20:00. உம்மிடம் 28 வில்லேஜர், அதாவது வேலையாட்கள். அவனிடம் 38. அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். அவன் 27 செயலோடு தேத்தண்ணி குடித்தபடியே வந்து வென்றான்.

கப்சர்ஏஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. டவுன் சென்டர் மொத்தம் எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று அது காட்டும். 20 நிமிடத்தில் உம்முடையது 4 நிமிடம் 50 வினாடி.

---

மூன்றாம்ஆடு | புதன், இரவு 9:50

அண்ணை, கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது. நான் சண்டையில் தோற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

27 உண்மையா?

---

கொக்குவில்குதிரை | புதன், இரவு 9:52

27.

---

சிவப்புப்பேனை | நல்லூர் | புதன், இரவு 11:40

பேப்பர் திருத்தி முடித்துவிட்டு வந்தேன், பார்த்தால் இங்கேயும் திருத்த வேலை இருக்கிறது.

தம்பி, குதிரை எழுதியதில் 11:34 என்ற ஓர் எண் இருக்கிறது. அது ஏன் பெரிய எண் என்று அவர் சொல்லவில்லை. நான் கணிதம் படிப்பிக்கிறவள், விட மனம் வரவில்லை.

ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 வினாடி. சீனர், மாயர் போன்ற சிலரை விட்டால் எல்லோரும் 3 வில்லேஜரோடும் ஒரு ஸ்கௌட்டோடும் தொடங்குகிறோம். வழக்கமான ஸ்கௌட் ரஷ்ஷில், அதாவது ஸ்கௌட்டோடு முதலிலேயே பாய்கிற திட்டத்தில், மக்கள்தொகை 21 வந்ததும் ஃபியூடலுக்கு அழுத்தலாம். 21-இல் ஸ்கௌட்டைக் கழித்தால் 20. முதல் மூன்று பேரைக் கழித்தால் 17. 17 × 25 = 425 வினாடி. லூம் என்ற மேம்பாட்டைச் செய்ய 25. ஆகமொத்தம் 450, அதாவது 7:30. ஃபியூடலுக்கு 130 வினாடி. 9:40-க்கு நீர் அங்கே நிற்க வேண்டும். இதில் கைவேகம் எங்கேயும் வரவில்லை, பார்த்தீரா? டவுன் சென்டர் ஓயாமல் வேலை செய்தால் இந்த நேரம் தானாக வரும். வைப்பருக்கும் 25 வினாடிதான், உமக்கும் 25 வினாடிதான்.

நீர் வந்தது 11:34. வித்தியாசம் 114 வினாடி, நாலரை வில்லேஜர். ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 அளவில் உணவோ தங்கமோ சேர்ப்பான் என்று வைத்துக்கொள்ளும். நாலரைப் பேர் பத்து நிமிடத்தில் 900. உமக்குக் கிடைக்காமல் போன நைட்டுகளை, அதாவது குதிரை வீரர்களை, இதில் எண்ணலாம். ஒரு நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம். ஆறு பேர் வருகிறார்கள், கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

நான் செய்தது இதுதான். ரேட்டிங்கை மறந்து, ஒரு கிழமைக்கு ஒரே ஒரு விஷயம். முதற் கிழமை டவுன் சென்டர் மட்டும். தோற்றாலும் பரவாயில்லை, ஸ்கௌட் செத்தாலும் பரவாயில்லை. எச் விசை டவுன் சென்டரைத் தெரிவு செய்யும், கியூ விசை வில்லேஜரைச் சேர்க்கும். சண்டை நடந்தாலும், வீடு எரிந்தாலும், மகன் அழுதாலும் எச், கியூ. (மகன் அழுதால் எழும்பிப் போனேன், பொய் சொல்லக் கூடாது.) இரண்டாம் கிழமைதான் வீடு. அடுத்த வீட்டை எப்போது தொடங்குவது என்பது மட்டும்.

விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஒஃப் வோர் என்று பயிற்சிகள் இருக்கின்றன. அதில் ஏர்லி எகொனமியை எடுத்து வெள்ளிப் பதக்கம் வரும்வரை செய்யும். எதிரி இல்லை, அடி இல்லை, நீரும் கடிகாரமும் மட்டும். அலுப்புத்தான். கடந்தகால வினாத்தாளும் அலுப்புத்தான்.

---

ஒடியல்கூழ் | வியாழன், காலை 7:02

ரீச்சர் சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லோரும் சேர்ந்து பொடியனைக் கணக்கப்பிள்ளை ஆக்கப் பார்க்கிறீர்கள்.

வேகம் தேவையில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019 ஜனவரியில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற கணினி நிரல் ஸ்டார்கிராஃப்ட் 2-இல் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரரை 10-க்கு 1 என்று அடித்தது. எப்படி அடித்தது என்று பார்த்தீர்களா? ஸ்டாக்கர் என்ற படைகளை மூன்று பக்கமும் பிரித்து, அடிபடுகிற ஒவ்வொன்றையும் சாகிற கணத்துக்கு முன் பின்னால் இழுத்தது. எந்த மனிதக் கையாலும் செய்ய ஏலாத வேலை. அதை வேகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

---

சிவப்புப்பேனை | வியாழன், காலை 7:30

கூழ் அண்ணை, கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். அதே காரணத்தைச் சொல்லித்தான் உலகம் முழுக்கச் சத்தம் போட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த பதிப்புக்கு 5 வினாடிக்கு 22 செயல் என்று கடிவாளம் போட்டார்கள். மனிதரைப் போலக் கமராவை நகர்த்தித்தான் பார்க்கவும் விட்டார்கள். அப்படியும் கிராண்ட்மாஸ்டர் என்ற உச்ச நிலைக்கு வந்தது, 99.8 வீதமான ஆட்டக்காரருக்கு மேலே.

பள்ளிக்கு நேரமாகிறது. பின்னேரம் வருகிறேன்.

---

ஒடியல்கூழ் | வியாழன், காலை 7:41

5 வினாடிக்கு 22 என்றால் நிமிடத்துக்கு 264. அதுவும் ஒன்றும் ஆமை இல்லையே ரீச்சர்.

---

கொத்துமாஸ்டர் | வியாழன், காலை 7:55

இரண்டு பேரும் 870-ஐ விட்டுவிட்டு கிராண்ட்மாஸ்டருக்குப் போய்விட்டீர்கள்.

---

உருமிக்காரன் | வியாழன், பிற்பகல் 1:18

குறுக்கே வருகிறேன். தம்பி ஏன் பிராங்க்ஸ் எடுக்கிறார்? 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்ததோடு திராவிடர் வந்துவிட்டார்கள். ஆட்கள் தமிழ் கதைப்பார்கள். உருமி வீசுகிற படை, திரிசடை என்று பெரிய கப்பல், ராஜேந்திர சோழனின் கதை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரனுக்கு மரம் வெட்டுவதா?

---

கொக்குவில்குதிரை | வியாழன், பிற்பகல் 1:40

நானும் முதல்நாள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மரவெட்டிகளைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்துகொண்டிருந்தேன். ஆனால் திராவிடருக்கு நைட் இல்லை. தண்ணீர் உள்ள வரைபடத்தில் நல்லவர்கள், அரேபியா மாதிரி வெட்டவெளியில் புதியவருக்குக் கஷ்டம். ஒவ்வொரு யுகத்துக்கும் போகும்போது 200 மரம் தருவார்கள், நல்லதுதான். ஆனால் 600 மரத்தைச் சும்மா கிடக்கவிட்ட ஆளுக்கு இன்னும் 200 கொடுத்து என்ன செய்ய?

தமிழ் கதைக்கிறான் என்பதற்காக நண்பர்களோடு விளையாடும்போது எடுக்கலாம். பழகும் காலத்தில் ஒரே நாகரிகம், ஒரே வரைபடம், ஒரே திட்டம். ஏதாவது பிழைத்தால் எது பிழைத்தது என்று அப்போதுதான் விளங்கும். பிராங்க்ஸ் பழகுவதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

---

நெறியாளர் | வியாழன், பிற்பகல் 2:10

திராவிடர் பற்றித் தனி இழை இருக்கிறது, 40 பக்கம். சண்டையை அங்கே தொடருங்கள்.

---

மூன்றாம்ஆடு | வியாழன், இரவு 8:25

இன்னொரு சந்தேகம். நண்பர்களோடு நாலுக்கு நாலு விளையாடும்போது நான் நன்றாகத்தான் விளையாடுகிறேன். பிளாக் ஃபொரஸ்ட்டில் பல தடவை எங்கள் பக்கத்தில் நான்தான் முதல் புள்ளி. ஒற்றைக்கு ஒற்றை வந்தால்தான் இந்த நிலை. பயமா?

---

கொக்குவில்குதிரை | வியாழன், இரவு 8:44

பயமில்லை. பிளாக் ஃபொரஸ்ட்டில் மரம்தான் மதில். இரண்டு வாசலை அடைத்தால் அரை மணித்தியாலம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அந்த நேரத்தில் டவுன் சென்டர் ஐந்து நிமிடம் தூங்கினால் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் மூன்று நண்பர்கள் உம் பிழையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்வார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை இரவு நானும் அங்கேதான் இருப்பேன். ஆனால் அது கோவில் வீதியில் சைக்கிள் ஓடுவது. அரேபியா என்பது பின்னேரம் ஐந்து மணி நெரிசலில் கஸ்தூரியார் வீதி.

---

ஒடியல்கூழ் | வியாழன், இரவு 10:15

நானும் ரிப்ளேயைப் பார்த்தேன். ரீச்சருக்கும் குதிரைக்கும் கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன். வயதானவன் சொல்கிறேன் என்று தள்ளிவிட வேண்டாம்.

தம்பி, உம் ஸ்கௌட் 6-ஆம் நிமிடத்தில் எதிரியின் தங்கச் சுரங்கத்தைக் கடந்து போகிறது. வழிப்போக்கன் மாதிரி நேரே போகிறது. 10-ஆம் நிமிடத்தில் அதே இடத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் நான்கு பேர் தங்கம் வெட்டிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். ஃபியூடலில் ஒருவனுக்குத் தங்கம் எதற்கு? ஸ்கௌட் குதிரைக்கு 80 உணவு, தங்கம் ஒரு காசு இல்லை. ஈட்டிக்காரனுக்கு உணவும் மரமும். தங்கம் அதிகம் கேட்பது வில்லாளி, 25 மரம், 45 தங்கம். பிரிட்டன்ஸ் வேறு. வில் வருகிறது என்று அவன் தகரத்தில் எழுதி வீட்டுப் படலையில் தொங்கவிட்டிருக்கிறான்.

நீர் என்ன செய்தீர்? 16-ஆம் நிமிடம்வரை, வில்லாளியை அடக்குகிற ஸ்கர்மிஷர் ஒன்றுகூடப் போடவில்லை. 25 உணவு, 35 மரம். உமக்குத்தான் 600 மரம் கிடந்ததே! பிறகு நைட் போட்டீர், நல்லது. அவன் அதைக் கண்டதும் ஈட்டிக்காரனைப் போட்டான். அதற்குப் பிறகும் நீர் நைட்டே போட்டீர். நான்கு தரம். ஈட்டிக்கு முன்னால் குதிரையைக் கொண்டுபோய் நான்கு தரம் நிறுத்துகிறவருக்கு 38 வில்லேஜர் இருந்தாலும் தோல்விதான்.

எண்ணை மட்டும் பாடமாக்கிய பிள்ளைகள் எதிரி வழமைக்கு மாறாக ஒன்று செய்தால் திகைத்துப் போவார்கள். 21-இல் அழுத்து, 9:40-க்கு வா, சரி, வந்தாயிற்று. வந்து என்ன பார்த்தீர்?

---

சிவப்புப்பேனை | வியாழன், இரவு 11:05

தங்கச் சுரங்கம் எனக்குத் தப்பிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வரிசை முக்கியம் அண்ணை. அவருடைய மனம் முழுக்க வீடும் பன்றியும் நிறைந்திருக்கும்போது தங்கச் சுரங்கத்தைப் பார்க்க இடமில்லை. சமன்பாட்டை யோசிக்காமல் போடுகிற பிள்ளைக்குத்தான் கேள்வியை ஆறுதலாக வாசிக்க நேரம் கிடைக்கிறது. எச், கியூ விரலுக்குப் போனால் கண் தானாக விடுதலையாகும்.

---

ஒடியல்கூழ் | வியாழன், இரவு 11:12

கண் தானாக ஒன்றும் செய்யாது ரீச்சர். அதையும் பழக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே.

இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம். நித்திரை வருகிறது.

---

கொத்துமாஸ்டர் | வெள்ளி, காலை 9:20

வேறொரு கேள்வி. தம்பியின் இணைப்பு எப்படி? ரிப்ளேயில் இரண்டு இடத்தில் ஒரே கட்டளையை ஏழெட்டுத் தரம் அடிக்கிறார். கட்டளை பிந்திப் போகிறது போல இருக்கிறது.

---

மூன்றாம்ஆடு | வெள்ளி, பிற்பகல் 12:45

ரூட்டர் முன் விறாந்தையில், நான் பின் அறையில். நடுவில் இரண்டு சுவர். மழை நாளில் இன்னும் மோசம். கரண்ட் ஒருக்கா மினுங்கினாலும் ரூட்டர் விழுந்து எழும்ப இரண்டு நிமிடம். இந்த மாதம் மூன்று ஆட்டம் அப்படிப் போனது.

---

கொக்குவில்குதிரை | வெள்ளி, பிற்பகல் 1:15

அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே. மௌஸ் வாங்கிய காசில் கால்வாசிக்கு இருபது மீற்றர் கேபிள் வாங்கி, கூரை ஓரமாக இழுத்திருக்கலாம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொருவரின் கணினியும் முழுப் போரையும் தானே கணக்குப் போடுகிறது. இணையத்தில் போய்வருவது "இவனை அங்கே அனுப்பு" மாதிரியான கட்டளைகள் மட்டும். ஆகவே டேட்டா அதிகம் தின்னாது, கைப்பேசி ஹொட்ஸ்பொட்டிலும் ஓடும். ஆனால் இணைப்பு ஒரே சீராக இருக்க வேண்டும், வைஃபை அங்கேதான் காலை வாரும். பழைய லப்டொப் என்றால் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் குறைத்துவிடும். ஒருவரின் இயந்திரம் திணறினால் மற்றவருக்கும் ஆட்டம் இழுபடும், எதிரி உமக்கு வணக்கம் சொல்லுவான்.

2022-இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் ரூட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினேன். இன்றைக்கும் வேலை செய்கிறது. லப்டொப்புக்குத் தன் பட்டரி இருக்கிறது, ரூட்டருக்கு இது. ஊரே இருட்டாக இருக்க நான் மட்டும் கோட்டை கட்டிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவா.

---

மூன்றாம்ஆடு | 11 நாள் கழித்து, செவ்வாய், இரவு 9:05

திரும்ப வந்திருக்கிறேன். அறிக்கை.

கேபிள் இழுத்தாயிற்று. மௌஸை விற்கவில்லை, தங்கச்சி எடுத்துவிட்டாள்.

முதற் கிழமை ரீச்சர் சொன்னபடி எச், கியூ மட்டும். தொடர்ந்து ஆறு தோல்வி, ரேட்டிங் 802. ஒருவன் என் ஊருக்குள் ஸ்கௌட் மூன்றைக் கொண்டுவந்து சுற்றித் திரிகிறான், நான் எச், கியூ என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். பிறந்த பிள்ளைகளை அவன் வாசலிலேயே வெட்டுகிறான். ஆனால் அந்த ஆட்டத்தில்தான் முதன்முறையாக 9:58-க்கு ஃபியூடலுக்குப் போனேன். ஏர்லி எகொனமி வெள்ளி எடுத்தேன், ஏழாவது முயற்சியில்.

இரண்டாம் கிழமை வீடு. கொத்துமாஸ்டர் அண்ணை சொன்ன ரொட்டியை நினைத்துக்கொண்டேன். இரண்டு இடம் மீதமிருக்கும்போதே அடுத்த வீட்டுக்கு ஆள் போய்விடுவான். அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டத்தில் ஏழு வெற்றி. நேற்றிரவு 911.

நேற்றைய ஆட்டத்தில் டவுன் சென்டர் சும்மா நின்றது, 20 நிமிடத்தில் 1 நிமிடம் 25 வினாடி.

---

கொக்குவில்குதிரை | செவ்வாய், இரவு 9:11

911! நித்திரை வந்ததா?

---

மூன்றாம்ஆடு | செவ்வாய், இரவு 9:14

இல்லை. காலையில் இன்னொன்று விளையாடித் தோற்று 896.

---

கொத்துமாஸ்டர் | செவ்வாய், இரவு 9:20

ஹா ஹா. அதுதான் நீர் செய்த ஒரே பிழை. வென்ற கையோடு எழும்ப வேண்டும், தோற்ற கையோடும் எழும்ப வேண்டும். நான் ஒருநாள் தோற்ற கோபத்தில் விடிய விடிய விளையாடி 140 புள்ளியை இழந்தேன். இப்போது தொடர்ந்து இரண்டு தோற்றால் லப்டொப்பை மூடிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவேன்.

---

ஒடியல்கூழ் | செவ்வாய், இரவு 10:02

வாழ்த்து. தங்கச் சுரங்கம் பார்த்தீரா?

---

மூன்றாம்ஆடு | செவ்வாய், இரவு 10:08

அண்ணை, பார்த்தேன். அதுதான் கேட்க வந்தேன். காலையில் தோற்றது அதனால்தான். அவன் தங்கத்தில் யாரும் இல்லை. உணவில் ஆட்கள் இருந்தார்கள், ஆகவே ஸ்கௌட் வரும் என்று ஈட்டிக்காரர்களைப் போட்டேன். அவன் ஸ்கௌட் போடவில்லை. என் மரவெட்டிகளுக்குப் பக்கத்தில் கோபுரம் கட்டினான். கல்லில் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள், சுரங்கத்துக்கு மற்றப் பக்கம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

---

சிவப்புப்பேனை | செவ்வாய், இரவு 10:30

அண்ணை, சிரிக்க வேண்டாம்.

---

ஒடியல்கூழ் | செவ்வாய், இரவு 10:33

சிரிக்கவில்லை ரீச்சர். ஈட்டி போட முடிவெடுத்தாரே, பார்த்ததை வைத்து! போன கிழமை பார்க்கவே இல்லை. பார்த்துப் பிழைவிடுகிறது வேறு கதை.

தம்பி, கோபுரம் எழும்பத் தொடங்கியதும் எத்தனை பேரை அனுப்பினீர்?

---

மூன்றாம்ஆடு | செவ்வாய், இரவு 10:36

ஒருவரையும் இல்லை. எச், கியூ அடித்துக்கொண்டிருந்தேன்.

---

கொக்குவில்குதிரை | செவ்வாய், இரவு 10:41

கடவுளே.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு லொபி திறக்கிறேன். பெயர் "கல்லு சும்மா காயுது". நான் கோபுரம் கட்டுவேன், நீர் இடியும். பத்துத் தரம். கூழ் அண்ணையும் வரட்டும், ரீச்சர் பார்வையாளராக இருந்து திருத்தட்டும். கரண்ட் இருந்தால்.

---

சிவப்புப்பேனை | செவ்வாய், இரவு 10:44

மகன் படுத்தால் வருவேன். ஒன்பதரை என்று வையுங்கள்.